மூன்றாவது ஜெனரேட்டர்

எங்கள் மலையில் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான். அதனால் உலகத்தில் எந்தக் கடலில் எந்தக் கப்பலுக்கு என்ன ஆனாலும் விசாரணை என் வீட்டு வாசலில் நடக்கும். கப்பலில் என் பதவிக்கு எலக்ட்ரிகல் ஆபீசர் என்று பெயர். ஆபீசர் என்ற சொல்லை நம்பி இரண்டு பேர் என்னிடம் பட்டா மாற்ற மனு கொடுத்திருக்கிறார்கள். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன் என்பதுதான் கேவலம்.

போன லீவில் நான் ஊரில் இருந்தபோது, ஏதோ ஒரு நாட்டில் கரண்ட் போன கப்பல் ஒன்று பாலத்தில் போய் மோதிய வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. அன்று காலையிலேயே ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். அவ்வளவு பெரிய கப்பலுக்கு பிரேக் கிடையாதா என்று ஒருவர் கேட்டார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டு, லுங்கியைச் சரி செய்துகொண்டு, ஒரு டீயும் வரவழைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

"வூட்ல கரண்ட் போனா ஃபேன் நின்னுடும். கப்பல்ல கரண்ட் போனா கப்பல் நிக்காது. அதாங்க பிரச்சனையே" என்றேன். கரண்ட் போனால் பெரிய இன்ஜின் அணைந்துவிடும், சுக்கானைத் திருப்புகிற பம்பு நின்றுவிடும், ஆனால் ஓடி வந்த வேகத்தில் கப்பல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், எதிரே பாலம் இருந்தால் அதன் விதி என்று விளக்கினேன். விளக்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எங்க கப்பல்லயும் ஒருவாட்டி இதே மாதிரி ஆச்சி" என்று அளக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கதையை ஊருக்குச் சொல்லும் விதம் இது. நதிக்கரைத் துறைமுகம் ஒன்றிலிருந்து கப்பல் வெளியே வருகிறது. எதிரே பாலம். திடீரென்று கரண்ட் போகிறது. எல்லாரும் கத்துகிறார்கள். நான் இருட்டில் நாலு மாடி இறங்கி ஓடி, இதோ இந்தக் கையால் ஜெனரேட்டரை ஓட வைக்கிறேன். பாலம் தப்புகிறது. இந்த இடத்தில் வலது கையைத் தூக்கிக் காட்டுவேன். எல்லாரும் என் கையைப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. விட்டுப்போன வார்த்தைகள்தான் அதிகம்.

எங்கள் கப்பலில் மூன்று ஜெனரேட்டர்கள். துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது இரண்டு ஓடும். மூன்றாவது ஆட்டோவில் காத்துக்கொண்டிருக்கும். ஓடுகிற ஒன்று நின்றால் அது தானே ஓட ஆரம்பித்துவிடும். அன்று காலை ஒரு வயரை மாற்றுவதற்காக அதை நான் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பினேன். வேலை முடிந்ததும் திரும்ப ஆட்டோவில் வைக்க வேண்டும். ஒரு சின்ன ஸ்விட்ச், இரண்டு விரலால் திருப்புகிற வேலை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தியர்கள் ஓட்டுகிற கப்பலில் ஞாயிறு என்றால் பிரியாணி. வாணியம்பாடிப் பக்கத்துப் பிரியாணியில் வளர்ந்த நாக்கு எனக்கு. மேலே இருந்து வாசனை வந்ததும் டூல்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன்.

இரண்டாவது தட்டில் கைவைக்கும்போது விளக்கு அணைந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டரில் டீசல் அடைத்து நின்றிருக்கிறது, பாரம் தாங்காமல் அடுத்ததும் நின்றுவிட்டது. மூன்றாவது, மேனுவலில், நான் வைத்த இடத்திலேயே சமர்த்தாக இருந்தது. நான் ஓடினேன், முழங்காலை இடித்துக்கொண்டேன், எண்ணெய்க் கையோடு ஸ்விட்ச்சைத் திருப்பினேன். அதற்குள் மேலே நங்கூரத்தை இறக்கி, கட்டியிருந்த இழுவைப் படகை வைத்துப் பின்னுக்கு இழுத்து, கப்பலை நிறுத்திவிட்டார்கள். பாலத்தின் தூண் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அதன் மேல் பஸ் போய்க்கொண்டிருந்தது என்று மேலே நின்றவர்கள் சொன்னார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் மூன்றாவது ஜெனரேட்டர் ஏன் ஓடவில்லை என்று கேட்டார்கள். கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டார்கள். அந்த நேரத்துக் காவலில் இருந்தவர் மூன்றாம் இன்ஜினியர். ஆந்திராக்காரர். அவரும் அன்று காலையில் அதை ஒரு முறை கையால் ஓட்டிப் பார்த்திருந்தார். எல்லாம் ஆட்டோவில் இருக்கிறது என்ற தாளில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். மனுஷர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான்தான் மறந்துட்டேன் போல" என்றார். அவருக்குப் பிறகு அதைத் தொட்டவனான நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வாயில் இன்னும் ஏலக்காய் வாசனை இருந்தது.

அடுத்த துறைமுகத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு எந்தக் கப்பலுக்கும் அவரைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். போகும்போது, அவர் மனைவி போட்டுக் கொடுத்த ஆவக்காய் ஊறுகாய் பாதி ஜாடி மீதி இருந்ததை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நாலு வருஷமாக இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. ஊர் நம்பியது. என் மனைவிதான் கொஞ்சம் இடைஞ்சல். அவள் எங்கள் ஊரில் சாமை அரைக்கும் மெஷின் வைத்திருக்கிறாள். கதையை முதல் தடவை கேட்டபோதே, "அந்த மூணாவது மெஷினு ஏன் ஓடல?" என்றாள். "அது டெக்னிகல், உனக்குப் புரியாது" என்றேன். "மெஷினு தானா மறக்காதுங்க" என்றாள். "ஒருத்தர் மறந்துட்டாரு, வூட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டுவதற்கு ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

வீடியோ வந்த மூன்றாம் நாள் கணியம்பாடி வரை போக வேண்டியிருந்தது. என் மச்சான், அதாவது அவள் தம்பி, மலைக்கும் கீழுக்கும் ஷேர் வண்டி ஓட்டுகிறான். பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு வேன் வாங்கியிருந்தான். அன்று அவனுக்குக் காய்ச்சல். "மாமா, ஒரு நடை நீங்க ஓட்டிட்டு வந்துடுங்க" என்றான். கப்பலே ஓட்டுகிற மாமாவுக்கு வேன் எம்மாத்திரம் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் கப்பல் ஓட்டுவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே அந்த நேரம் நினைவில் இல்லை.

பின்னால் ஐந்தாறு பேர், புளி மூட்டைகள். முன்னால் என் பக்கத்தில் மனைவி, அவளுக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் புளி வாங்க வந்திருந்த வாணியம்பாடி பாய்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஏறும்போது இன்ஜின், இறங்கும்போது கடவுள். சரிவு தொடங்கும் வளைவு வந்ததும் நியூட்ரலில் போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிவிடுவோம். வண்டி தானே உருண்டு போகும். இறக்கத்தில் இன்ஜின் ஓடினால், குழாயை மூடாமல் விட்ட வீட்டுக்காரிபோல எங்கள் ஆட்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஏறும்போது இன்ஜின் போடுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இறங்கும்போது டயர் சத்தம் மட்டும்தான். அதனால் ஊரின் பேச்செல்லாம் இறக்கத்தில்தான்.

நானும் வளைவில் ஆஃப் பண்ணினேன். வண்டி நிசப்தமாக உருண்டது. பாய் அதற்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். "இன்னா தம்பி, அந்தக் கப்பலு எப்டி போயி பாலத்துல இடிச்சிது? வீடியோ பாத்ததுலேர்ந்து மனசே சரியில்ல."

கேட்க ஆள் கிடைத்துவிட்டது. "கரண்ட் போச்சின்னா பாய், சுக்கான் திரும்பாது. எவ்ளோ பலசாலி வந்து புடிச்சாலும் திரும்பாது. ஏன்னா திருப்புறது ஆளு இல்ல, மெஷினு. மெஷினுக்கு உயிர் குடுக்கிறது இன்ஜினு" என்றேன். இதைச் சொல்லும்போது பிரேக்கை விட்டு விட்டு நாலைந்து முறை அழுத்தியிருப்பேன். எதற்கென்றால், பேச்சுக்குத் தாளம் போட.

மச்சானின் பழைய ஜீப்புக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் அதைத் திருப்புவது ஆளின் தோள்தான். புது வேன் அப்படியில்லை. அதன் ஸ்டீயரிங்கை இலகுவாக்குவதும் பிரேக்குக்கு பலம் கொடுப்பதும் ஓடுகிற இன்ஜின். ஆஃப் பண்ணினால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அப்புறம் மிதித்தால் சுவரை மிதித்த மாதிரி இருக்கும். அந்த வண்டியில் இருந்தவர்களில் இது தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நிமிஷம் அதைத்தான் பாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன், கப்பலை உதாரணம் காட்டி.

கீழே ஓடையைத் தாண்டுகிற சின்னப் பாலம் தெரிந்தது. அதற்கு முன்னால் இடப்பக்கம் ஒரு வளைவு. நான் திருப்பினேன். ஸ்டீயரிங் அசையவில்லை. பிரேக்கை மிதித்தேன். அதுவும் அசையவில்லை.

"இன்னாங்க, திருப்புங்க!" என்றாள் மனைவி.

இரண்டு கையாலும் தொங்கினேன். பாய் சத்தமாக ஓத ஆரம்பித்தார். பின்னால் யாரோ முருகா என்றார்கள். எனக்கு எந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை, சாவியைத் திருப்பி இன்ஜினைப் போடலாம் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. என் மனைவி எக்கி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி அரைகுறையாகத் திரும்பி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மூக்கை முட்டி நின்றது. சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து ஓடையில் விழுந்தது. அது விழுந்த ஆழத்தைப் பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

யாருக்கும் அடி இல்லை. ஒரு மூட்டை பிரிந்து புளி கொட்டியிருந்தது. முன்பக்கம் ஒரு லைட் போயிருந்தது. பாய் இறங்கி, கீழே விழுந்த தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "இப்ப நல்லா புரிஞ்சிது தம்பி" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே நன்றி சொன்னார்.

மற்றவர்கள் புளியை அள்ளப் போனார்கள். நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். மனைவி எதிரில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கப்பல்லயும் ஆஃப் பண்ணது நீங்கதானா?" என்றாள்.

"ஆஃப் பண்ணல. ஆட்டோல வெக்க மறந்துட்டேன்" என்றேன். வாக்குமூலத்திலும் எனக்கு டெக்னிகல் திருத்தம் வேண்டியிருந்தது.

"வூட்டுக்குப் போன மனுசன்?"

"அவரு மேல தப்பு இல்ல."

அவள் ஓடைப் பக்கம் திரும்பி நின்றாள். நாலு வருஷமாக ஊரெல்லாம் தூக்கிக் காட்டிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

"நம்பரு இருக்குதா?" என்றாள்.

இருந்தது. நாலு வருஷமாக அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. "ஊருக்குப் போயி பேசறேனே" என்றேன். "இங்கதான் டவர் கெடைக்குது" என்றாள். மலையில் சிக்னல் கிடைக்காத இடம் எத்தனையோ இருக்க, நான் போய் மோதியது சிக்னல் கிடைக்கிற இடத்தில்.

கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். ஊரிலேயே மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல மாங்காய் வந்திருக்கிறது, ஊறுகாய் அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் அவரை மேலே பேச விடாமல், ஸ்விட்ச்சைத் திருப்பியது நான், நீங்கள் தொட்டதற்குப் பிறகு, சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

"நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்ல."

"நாலு வருஷமா நான் ஒரு வேலையையும் ஒருவாட்டி பாத்துட்டு வுட்டதில்ல. மூணுவாட்டி பாப்பேன். ராத்திரி கடையைப் பூட்டிட்டுப் போயி, திரும்ப வந்து பாப்பேன்" என்றார், அவருடைய தெலுங்கு கலந்த தமிழில். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

கம்பெனிக்கு இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். என் வேலை போகும் என்பது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அது அப்புறம் எழுதலாம்" என்றார். "என் சம்சாரம் இங்கதான் இருக்குது. நான் கவனம் இல்லாதவன்னு நெனச்சிக்கினு இருக்குது. மொதல்ல அதுகிட்ட சொல்லு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. ஊறுகாய் போட்ட அந்த அம்மாவின் குரலை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "சொல்லுங்க" என்றார்.

எதிரில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் பிரியாணியிலிருந்து ஆரம்பித்தேன்.