சத்தமாகக் குடித்த டீ

பொகவந்தலாவைக்குப் பெண் பார்க்கப் போன வேனில் அப்பா, அம்மா, அத்தை, நான் என நாலு பேர் இருந்தோம். தரகர் மட்டும் வரவில்லை. வந்திருந்தால், நான் மாட்டிக்கொண்ட இடத்தில் எதையாவது பேசிச் சமாளித்திருப்பார்... என்ன செய்வது?

எங்கள் குடும்பத்தில் ஏ.எல்., அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு வாங்கிக் கொடுத்த வேலை – ஃபேக்டரியில் தேயிலை ருசி பார்ப்பது. அம்மா கொழுந்து பறிக்கிறார். மகன் அதை உறிஞ்சித் துப்புகிறான். முன்னேற்றம்தானே?

இந்த வேலைக்குச் சத்தம் முக்கியம். காற்றோடு சேர்த்து ‘சொர்ர்ர்’ என்று இழுத்தால்தான் தேநீர் துளித்துளியாகச் சிதறும். வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். விஞ்ஞானம்!

பெண் சுகந்தி, ஸ்கூலில் சங்கீத டீச்சர். அவர் நீட்டிய, பால் சேர்க்காத பிளேன்டீயை வாங்கினேன். பழக்க தோஷம்... சொர்ர்ர்ர்! அடுத்து, துப்புவதற்குத் தொட்டி தேடினேன். மூலையில் ஒரு அந்தூரியம் பூச்சாடி தெரிந்தது. அம்மா தொடையைக் கிள்ளினார். விழுங்கிவிட்டேன்.

“டீ எப்படிங்க தம்பி?” – கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா.

“அருமைங்க” என்றேன். இன்னும் இரண்டு வாய் குடித்தும் காட்டினேன்.

“பொய்” என்றார் சுகந்தி.

எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

“மொத தடவ நீளமா இழுத்தீங்க. ரெண்டாவது பாதியில அறுந்துருச்சு. மூணாவதுல சத்தமே இல்ல. புடிச்ச டீய இப்படியா குடிப்பாங்க?”

படித்தவன் அல்லவா, உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். “கொஞ்சம் கூடுதலா கொதிச்சிருச்சுங்க. கசக்குது.”

திரை விலகியது. “போட்டது நானு! எங்க வீட்டு டீயில குத்தம் கண்டுபுடிக்கவா மஸ்கெலியாவுல இருந்து வேன் புடிச்சு வந்தீங்க?”

திரும்பும் வழியில் அத்தை கேட்டார்: “ஒரு வாய் டீய சத்தமில்லாம முழுங்கத் தெரியல. இதுக்காடா படிச்ச?”

தேநீர் ருசிப்பது விஞ்ஞானமா, கலையா என்று ஃபேக்டரியில் அடிக்கடி தர்க்கம் நடக்கும். நான் துளி, காற்று, வாசனை என்று விளக்கிக்கொண்டிருப்பேன். இந்த டீச்சரோ மூன்றே உறிஞ்சலில் ஓர் ஒழுங்கைக் கேட்டு, அது எங்கே உடைந்தது என்று பிடித்துவிட்டார். பிள்ளைகள் தாளம் தப்பும்போது பிடிக்கிற அதே காதுதான். நான் தேயிலையில் தேடுவதும் அப்படி உடைகிற இடத்தைத்தானே? அவர் செய்தால் சங்கீதம், நான் செய்தால் விஞ்ஞானம்... அவ்வளவுதான் வித்தியாசம்.

வியாழக்கிழமை போன் வந்தது. சுகந்திதான்.

“அம்மாவுக்குக் கோவம் எறங்கிருச்சு. ஞாயித்துக்கெழம வாங்க. இந்தத் தடவ டீ நான் போடுறேன். சத்தமாவே குடிங்க, அப்பதான் எனக்கு நெசம் தெரியும்.”

போனோம். குடித்தேன். அதுவும் கசந்தது. பாதியில் சத்தம் அறுந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே நிச்சயம் பேசி முடித்துவிட்டோம்.

கசந்த டீ இரண்டு கோப்பைக்கு, வேன் வாடகை மட்டும் – பதினெட்டாயிரம் ரூபாய்.