கைதட்டு அக்கா கோர்ட்டுக்குப் போன கதை

தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததை உளறுகிறார், அடுத்த நொடி அரங்கமே அதிரும்படி கைதட்டல் கேட்கிறது. அது தானாக வருகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால் உங்கள் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறார்கள். கைதட்டலுக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களைக் கூட்டிவர இன்னோர் ஆள் வேண்டும். அந்த இன்னோர் ஆள்தான் கைதட்டு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஓட்டுப் போடுகிற நாளில் மட்டும் அது வெளியே வரும்.

அக்கா அந்த ஸ்டூடியோவுக்குப் பெருக்கத்தான் போனாள். ஒருநாள் விவாத நிகழ்ச்சிக்கு ஆள் சேரவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து அரங்க மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துடைப்பத்தோடு நின்ற அக்காவைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அவள் தட்டிய தட்டில் பேச வந்தவரே ஒரு கணம் பேச்சை மறந்துவிட்டார். அன்றோடு துடைப்பம் போயிற்று.

தட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. விரல் நுனியால் உள்ளங்கையில் அடிக்க வேண்டும், அப்போதுதான் சத்தம் கூடும், கை சிவக்காது. நெஞ்சுக்குக் கீழே தட்ட வேண்டும், மேலே போனால் முகம் மறைந்து கேமராக்காரர் திட்டுவார். மேனேஜர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் தட்டு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அக்கா தன் தெருவிலிருந்து கூட்டிவரும் முப்பது, நாற்பது பேரும் மேனேஜரைப் பார்ப்பதில்லை, அக்காவைத்தான் பார்ப்பார்கள். அவள் ஆரம்பித்தால் ஆரம்பிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் காதில் வாங்குவதில்லை. புதிதாக வந்த ஒருத்தி பேச்சைக் கவனித்துக் கேட்டுக்கொண்டு தட்ட மறந்தபோது அக்கா சொன்னாள்: "பேசுறத கேக்க ஆரம்பிச்சா கை வராதுடி."

இப்படி வருஷக்கணக்கில் யார் யாருக்கோ தட்டிக்கொண்டிருந்தவள், முதலாளிக்கும் தட்டினாள். டிவி அவருடையது, பேப்பர் அவருடையது, ரேடியோ அவருடையது. அவர் தும்மினால் மூன்றிலும் செய்தி வரும். அவர் ஒருநாள் ஏழைபாழைகளுக்கெல்லாம் சொந்த வீட்டுமனை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாராவாரம் காலையில் அதற்கொரு நிகழ்ச்சி. பச்சைப்பசேல் என்று நிலம், வரிசையாக வெள்ளைக் கல், குடையைப் பிடித்துக்கொண்டு மனை பார்க்கும் குடும்பங்கள். எல்லோரும் அக்காவின் தெரு ஆட்கள்தான். முன்னால் அக்கா, முகமெல்லாம் பல்லாக, தட்டிக்கொண்டிருப்பாள்.

அவளுடைய தம்பி தச்சு வேலைக்காரன். அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் கதவு செய்துவிட்டு, தான் வாடகை வீட்டில் ஓட்டைக் கதவோடு இருந்தவன். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு போன் செய்தான்.

"அக்கா, அந்த எடத்த நீ நேர்ல பாத்தியா?"

"பாத்தேன்டா. அது மேல நடந்தேனே. மெத்தை மாதிரி இருக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. நடந்தாள், மெத்தை மாதிரிதான் இருந்தது. அக்காவே நடந்து பார்த்துவிட்டாள் என்றால் வேறென்ன வேண்டும்? தம்பி சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்து எடுத்துப்போய்க் கட்டினான்.

பிறகுதான் குட்டு உடைந்தது. மனை வாங்கியவர்கள் மனையைத் தேடிப் போனார்கள், மனையைத் தவிர எல்லாம் இருந்தது. மோசடி வழக்குப் போட்டு முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். தம்பி வந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எதிரே அக்காவைக் கண்டால் அந்தப் பக்கம் மாறி நடந்தான். போன் செய்தால் அவன் மனைவி எடுத்து, "அவர் வேலையா இருக்காரு, அண்ணி," என்பாள். பின்னால் அவன் இருமுவது கேட்கும். சொந்தத் தம்பியின் இருமலை மட்டும் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

தெருவுக்கோ கொண்டாட்டம். நேற்றுவரை முதலாளியை வள்ளல் என்றவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாத ஆள் தெருவில் இல்லை. அப்பவே தெரிந்தவர்கள் ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்கும் ஆளும் இல்லை. மருந்துக் கடைக்காரர் மட்டும், "பெரிய மனுஷன் தப்பு பண்ணா அது தப்பு இல்லீங்க, கணக்குல சின்னக் கொழப்பம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கடை விளம்பரம் அந்தப் பேப்பரில் பாதி விலையில் வந்துகொண்டிருந்தது.

சலூன்காரர் பாடுதான் பெரும்பாடு. முதலாளியோடு தோளில் கைபோட்டு எடுத்துக்கொண்ட படம் ஒன்று கண்ணாடிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கைது என்றதும் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க மாட்டினார். ஜாமீன் கிடைக்கும்போல என்று பேச்சு அடிபட்டதும் மறுபடி முகத்தைத் திருப்பினார். ஆணி தளர்ந்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில் அரங்க மேனேஜர் அக்காவின் வீட்டுக்கே வந்தார்.

"ஜாமீன் மனு விசாரணைக்கு வருது. மக்கள் எல்லாம் ஐயா பக்கம்தான்னு ஜட்ஜ் பாக்கணும். உங்க ஆளுங்கள கூட்டிட்டு வாங்க. உள்ள சோகமா உக்காந்தா போதும்."

"என் தம்பியோட மனை என்ன சார் ஆச்சு?"

"அதான் சொல்ல வரேன். ஐயா வெளிய வந்தாத்தானே மனை. அவரு உள்ள இருந்தா யாரு கையெழுத்துப் போடுவா?"

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெளியே வந்தால் மனை வரும், மனை வந்தால் தம்பி வருவான். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை.

கோர்ட்டில் கடைசி வரிசைகளை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முகத்தைத் தொங்கப்போடச் சொல்லியிருந்ததால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சலூன்காரர் அழுகை வந்தால் இருக்கட்டும் என்று பெரிய கைக்குட்டையோடு வந்திருந்தார். மேனேஜரை உள்ளே விடவில்லை. "ஜாமீன் கெடைச்சா வெளிய வந்ததும் கை காட்டுறேன், அப்ப தட்டுங்க," என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

முதலாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் பட்டை, மடியில் மாத்திரைப் பை. போன மாதம்தான் அவர் தன் டிவியிலேயே ஊரைச் சுற்றி ஓடிக்காட்டி, உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று ஊருக்குப் பாடம் நடத்தினார். கைதாகும்போது நோய் எங்கிருந்து வருகிறதோ, தெரியவில்லை. அவருடைய வக்கீல் பாதி நேரம் அவர் முதுகெலும்பைப் பற்றியே பேசினார். அக்கா வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை.

அரசு வக்கீல் எழுந்து மனை என்று சொன்னதும்தான் அவள் காது திறந்தது.

"நிகழ்ச்சியில் காட்டப்பட்ட நிலம் இவர்களுடைய ஸ்டூடியோவுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் திடல். அதன்மேல் செயற்கைப் புல்லை விரித்துப் படம் பிடித்திருக்கிறார்கள். விற்பதற்கு வேறு நிலம் எதுவுமே இவர்களிடம் இருந்ததில்லை."

அந்தத் திடல் அக்காவுக்குத் தெரியாதா? அந்தப் புல்லின் மேல் நடந்தவள் அவள்தானே. அடுப்பே எரியாமல் சமையல் நிகழ்ச்சி முடிவதையெல்லாம் பார்த்தவள் அவள். இதுவும் அப்படித்தான், வசதிக்காக இங்கே எடுக்கிறார்கள், நிஜ நிலம் வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்திருந்தாள். வேறெங்கும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் புல்லில் நடந்துவிட்டு வந்துதான் மெத்தை மாதிரி இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

நீதிபதி ஜாமீன் கிடையாது என்றார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அமைதி காக்கச் சொல்லி, மேஜைக்குப் பக்கத்தில் நின்ற கோர்ட் ஊழியர் பின்வரிசையைப் பார்த்து உள்ளங்கையை விரித்து உயர்த்தினார்.

அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கைகள் அவளைக் கேட்காமலே எழுந்து தட்டின. உடனே முப்பது ஜோடிக் கைகளும் சேர்ந்துகொண்டன. கூடம் இடிந்துவிடும்போல் இருந்தது. ஊழியர் பதறிப்போய் இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினார். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. சலூன்காரர் கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினார். இதற்கு நடுவில், கைதட்டல் கேட்டால் எழுந்து கையசைத்தே பழகிப்போன முதலாளி, சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, நிமிர்ந்து நின்று, கூட்டத்துக்கு இரண்டு பக்கமும் கையசைத்தார். அவருடைய வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்கள்," என்றார் நீதிபதி. யாரும் நிறுத்தவில்லை. ஊழியர் ஆத்திரத்தில் முஷ்டியை மடக்கி மேஜையில் ஒரு குத்துக் குத்தினார். கத்தரித்ததுபோல் கைதட்டல் நின்றது.

அக்கா மட்டும் நிறுத்தவில்லை. முஷ்டியை எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தாள். ஊழியர் முகத்தையும், நின்றுகொண்டிருந்த முதலாளியின் முகத்தையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தட்டினாள். பெண் போலீஸ் ஒருவர் வந்து தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோகும்வரை தட்டினாள்.

வாசலில் மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. "இனிமே ஸ்டூடியோ பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காத," என்றார். எதிர் டிவிக்காரர்கள் மைக்கோடு ஓடிவந்தார்கள். மாலைச் செய்தியில், எல்லோரும் ஓய்ந்த பிறகும் தட்டிய ஒற்றைப் பெண் என்று அக்காவின் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மக்களின் மனசாட்சி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். முதலாளியின் டிவியோ, நீதிமன்றத்தில் ஐயாவுக்குக் கைதட்டி உற்சாக வரவேற்பு, எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார் என்றது. அதுவும் பொய்யில்லை. சலூன்காரர் தான் தொடக்கத்திலிருந்தே நியாயத்தின் பக்கம்தான் என்று கடைக்கு வந்தவர்களிடம் தலையைப் பிடித்துவைத்துக்கொண்டு சொன்னார்.

எதிர் டிவியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு அதே ஆட்களோடு வந்து அதே மாதிரி தட்ட முடியுமா என்று கேட்டார்கள். அக்கா போனை வைத்துவிட்டாள். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. அவள் தொழிலில் அது நடக்கவே கூடாத காரியம்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் இருமல் கேட்டது. தம்பி நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை.

"டிவில பாத்தேன்," என்றான்.

"வேற நெலமே இல்லியாம்டா. நான் நடந்தது பிளாஸ்டிக் புல்லுடா. மெத்தை மாதிரி இருக்குன்னு ஒங்கிட்ட சொன்னேனே." சொல்லிவிட்டு அக்கா அழுதாள்.

அவன் நிலைக்கதவின் கீலை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"இன்னிக்குத் தட்டுனதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"மொதல்ல தட்டுனதுக்குத் தரேன்னு சொன்னாங்க. அது பழக்கத்துல தட்டுனது."

"எல்லாரும் நிறுத்துன அப்புறம் தட்டுனியே, அது?"

"அது நான் தட்டுனதுடா."

தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தான். "தண்ணி குடு அக்கா," என்றான்.