கடலைக் கடைசியில் பூசுபவர்

கட்டைவிரலைப் பலகையில் அழுத்தித் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார் பலகைக்காரம்மா. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு வாளித் தண்ணீரை அடித்துக் கழுவுகிறார். மறுபடி கட்டைவிரல், மறுபடி நாக்கு. "இன்னும் கரிக்குது." மூன்றாவது வாளிக்குப் பிறகுதான் தலை ஆடுகிறது. "உப்பு மேல பெயிண்ட் அடிச்சா ஆறு மாசத்துல தோல் தோலா உரிஞ்சு வந்துடும் தம்பி. அப்புறம் என்னைத்தான் உரிப்பாங்க."

பேருந்து நிலையத்துக்கும் துறைமுகப் படிக்கட்டுக்கும் நடுவே நிற்கிறது அந்தப் பலகை. இரண்டு ஆள் உயரம். ஊரின் வரைபடம் முழுக்க அதில் இருக்கிறது. ஒன்று, கலங்கரை விளக்கம். இரண்டு, பழைய நாடகக் கொட்டகை. மூன்று, வலைக் கிடங்குகள் ஓவியக்கூடங்களாக மாறிய தெரு. இப்படிப் பதினொன்று வரை. நகராட்சியின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் பலகைக்காரம்மா மற்ற நாட்களில் கடற்கரை பெஞ்சுகளுக்கும் கைப்பிடிக் கம்பிகளுக்கும் வண்ணம் அடிப்பவர். பயணிகள் வரும் பருவத்துக்கு முன்னால் நான்கு நாள் மட்டும் இந்தப் பலகை.

முதலில் நிலம், பிறகு தெருக்கள், அப்புறம் எண்கள். கடல் எப்போதும் கடைசி நாள்தான். காரணம் கேட்டால், "நிலத்த ஒழுங்கா பிடிச்சு நிறுத்திட்டா கடல் தானா நிக்கும்" என்பார்.

அவர் ஸ்டூலில் ஏறி நிற்பதைப் பார்த்ததுமே பயணிகளுக்குக் கேள்வி வந்துவிடுகிறது. பதில் சொல்லும்போது அவர் திரும்புவதில்லை. தோள்தான் பேசும்.

"கலங்கரை விளக்கத்துல என்னங்க இருக்கு?"

"இருநூத்திப் பதினாலு படி இருக்கு."

"மேல போனா?"

"மேல போனா மூச்சு இருக்காது. அது திரும்பி வந்ததும் பாருங்க, கடல் நல்லாயிருக்கும்."

அரை நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தது ஒரு தம்பதி. அவர்களிடம், நாடகக் கொட்டகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்றார். "அவ்வளவு நல்ல நாடகமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "நாடகம் தெரியாதும்மா. நாற்காலி இப்பத்தான் மாத்துனாங்க."

நான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவன். வந்த புதிதில், வேலைக்குப் போகும் வழியில் தினமும் பலகையின் சிவப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டுப் போவேன். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று பக்கத்தில் இரண்டு மொழிகளில் எழுதியிருக்கும். ஒருநாள் பின்னாலிருந்து குரல் வந்தது. "தெனம் தெனம் என்ன தம்பி சந்தேகம்? இங்கதான் இருக்கீங்க. கைய எடுங்க." பலகையில் முதலில் அழிவது அந்தப் புள்ளிதான் என்று பிறகு தெரிந்தது. வருகிற எல்லாரும் அதைத்தான் தொடுகிறார்கள். "கடல் உப்பக்கூடத் தாங்கும். மனுஷன் கை உப்பத்தான் தாங்காது." எனக்கு இரண்டு மொழியும் எழுதப் படிக்க வரும் என்று தெரிந்ததும், எழுத்து வேலை நடக்கும்போது கீழே நின்று சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் எண்ணுக்கு வரும்போது மட்டும் அவர் பேசுவதில்லை.

ஒன்பது, ஓவியர் குடில்கள். மேட்டுச் சாலையின் விளிம்பில் கடலைப் பார்த்து எட்டு வீடுகள். ஓவியர்கள் மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்கி வரைந்த இடம். இரண்டு மழைக்காலங்களில் மேட்டைக் கடல் அரித்து ஏழு வீடுகள் போய்விட்டன. எட்டாவதில் இருப்பவர் பலகைக்காரம்மாவின் அக்கா. முன்னறையை ஓவியர்களுக்கு விட்டுப் பிழைத்தவர். இப்போது முன்னறையும் இல்லை. அதன் கதவைத் திறந்தால் காற்றுதான். நகராட்சி மூன்று முறை காலி செய்யச் சொல்லிவிட்டது. அக்காவின் பதில் ஒன்றுதான். "பஸ் ஸ்டாண்டு பலகைல என் வீடு இருக்கா இல்லையா? அதுல இருக்கிற வரைக்கும் நான் இருப்பேன்."

தங்கை தன் ஒற்றை அறையில் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டார். எட்டு மாதமாக அதில் துவைத்த துணிதான் படுத்திருக்கிறது.

போன வருடமே சாலையையும் ஒன்பதையும் எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. புதிய கரைக்கோட்டின் நகலும் கூடவே வந்தது. அவர் அதை மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் பழைய கோட்டையே வரைந்தார். "கை வரல தம்பி." மேற்பார்வையாளரும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு ஒரு இளம்பெண் பலகையின் முன்னால் வந்து நின்றாள். பலகையை நம்பி ஒன்பதாம் எண்ணைத் தேடிப் போனவள். சாலையை அடைத்து வைத்திருந்த தடுப்பு காற்றில் விழுந்து கிடந்தது. காலடியில் மண் சரிந்திருக்கிறது. யாரையும் திட்டவில்லை அவள். வரைபடத்தில் அந்தச் சாலையை மட்டும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். பக்கத்து பெஞ்சுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்த பலகைக்காரம்மா அன்று அந்த பெஞ்சை முடிக்கவில்லை.

இந்த வருடம் அந்த நகலின் மடிப்பைப் பிரித்துப் பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் ஆரம்பித்தார். முதல் நாள் நிலம் பூசியபோதே புதுக் கோட்டைக் கரிக்கட்டியால் இழுத்துவிட்டார். கோட்டுக்கு வெளியே போய்விட்ட மேடு, பழைய மண் நிறத்தில் நான்காம் நாள்வரை அப்படியே கிடந்தது. அன்று காலை நீல டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். அக்குளில் ஒரு தலையணை.



"கூடப் பொறந்தவளைக் கடல்ல தள்ள எத்தனை டப்பா வாங்கின?"

"ரெண்டு."

"பத்துமா?"

"பத்தும். சின்ன வீடுதான."

"சின்ன வீடா? அந்த வீட்ல இருந்துதான்டி உனக்குப் பிரஷ் பிடிக்க வந்துச்சு. வாடகைக்கு இருந்தவன் விட்டுட்டுப் போன பிரஷ்ஷு."

"தெரியும்க்கா. இன்னிக்கும் அதுதான்." பலகைக்காரம்மா கையை உயர்த்திக் காட்டினார். பிடி தேய்ந்து, நூல் சுற்றிய பிரஷ்.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு தலையணையை என் கையில் கொடுத்துவிட்டு, வெளுத்துப்போன ஒன்பதின் பக்கத்தில், எட்டாவது வீட்டின் சதுரத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். "ம். அடி."

மேலிருந்து வந்தது நீலம். சாலை போனது, ஏழு வீடுகள் இருந்த இடம் போனது, ஒன்பது என்ற எண்ணும் போனது. விரலுக்கு அருகில் வந்ததும் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, நகத்தைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, அடியில் வளைந்து, விரலில் படாமல் பூசினார் பலகைக்காரம்மா. விரலை எடுக்கச் சொல்லவில்லை. பேருந்திலிருந்து இறங்கிய இரண்டு பேர் கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நான்தான் கை காட்டினேன்.

அக்கா தானாகவே விரலை எடுத்தார். நீலத்துக்கு நடுவில் விரல்நுனி அளவுக்கு மண் நிறம் மிஞ்சியிருந்தது.

"அதையும் மூடிடு. விட்டு வச்சா யாராவது தேடிக்கிட்டுப் போவாங்க."

பலகைக்காரம்மா பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்துத் தூக்கினார். பிறகு அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, விரல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.