கேட்காமல் வைத்த விளக்கு

பழைய டேப் ரிக்கார்டரின் மோட்டாரைக் கழற்றி, பேனாக் கூட்டில் ஊசியைக் கட்டி, பச்சை குத்தும் மிஷினை நானே செய்தேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு அலங்காநல்லூரிலிருந்து பேரையூர் வரை திருவிழாத் திருவிழாவாகப் போனேன். காளவாசலில் கண்ணாடிக் கதவு போட்ட கடை வைத்தேன். மாடி வீடு கட்டினேன். வேன் வாங்கினேன். மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். ஊசி பிடிக்கிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று சிரித்தவர்களெல்லாம் பிறகு என் கடையில் வந்து கையை நீட்டினார்கள்.

இன்னொன்றும் செய்தேன். இறந்தவர் பெயர் என்றால் அதன் மேலே சின்னதாக ஓர் அகல்விளக்கு போடுவேன். அது என் யோசனை. மற்ற ஊசிக்காரர்களும் அதைப் பார்த்துப் போட ஆரம்பித்தார்கள். சில வருடங்களில், எங்கள் பக்கத்தில் எழுத்துத் தெரியாத ஆள்கூட விளக்கைப் பார்த்தால் அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இல்லை என்று சொல்லிவிடுவார்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். பச்சை குத்துவதைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க வேண்டுமாம், பரீட்சை மாதிரி அதற்கும் மார்க் உண்டாம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ஒரு பெண்தான் அவர்களுக்குத் தலைவி. கேமரா வைத்திருந்தார்களே தவிர, யாரை எடுப்பதென்று தெரியவில்லை. என் வேனில் கூட்டிப் போனேன். ஊர் ஊராக ஆள் பிடித்துக் கொடுத்தேன். இருட்டு வீடுகளில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெயிலை முகத்துக்குத் திருப்பியதும் நான்தான்.

பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், முன்கை முழுக்கத் துணி சுற்றிய ஓர் அம்மாவைக் காட்டினார்கள். பருத்திக்காட்டு வேலைக்குப் போகிறவர். கல்லூரிப் பெண் கேட்டதும் துணியை அவிழ்த்தார். ஓர் ஆண்பிள்ளையின் பெயர், மேலே விளக்கு. சுடர் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்த்துப் போடுகிறவன் நான் ஒருவன்தான்.

யார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மகன் தாயி. வடக்க முறுக்குக் கம்பெனிக்குப் போனான். ரெண்டு வருசமாக் கடுதாசி இல்ல. மாரியம்மன் பொங்கலுக்குப் பேரக் குத்திக்கிருவம்னு போனேன். குத்துறவர்கிட்டப் பேர மட்டுந்தான் சொன்னேன். அழுதுக்கிட்டே கைய நீட்டுனேன், அம்புட்டுத்தான். அவரு கை தானா வெளக்க வச்சிருச்சு."

வேண்டாம் என்று சொல்லவில்லையா என்றாள்.

"அழுத கண்ணுக்கு ஏதோ பூவுன்னு தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்தா, பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு மாரடிச்சு அழுகுறா. ஆத்தாதான் அவரு கையில வந்து சொல்லிட்டா. அதுக்கு முன்னாடி வடக்க போற ஆளுககிட்டயெல்லாம் போட்டோ குடுத்துவிடுவேன். அன்னைக்கோட தேடுறத விட்டுட்டேன்."

கேமரா பிடித்தவன் திரும்பி, வெளிச்சம் முகத்தை விட்டு இறங்கிவிட்டது, அட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான்.

பெயர் குத்துவதற்கு முன்னால், இருக்காகளா, தவறிட்டாகளா என்று கேட்பது என் வழக்கம். அழுதுகொண்டு வருகிறவரிடம் மட்டும் கேட்க மாட்டேன். அவர் வாயால் சொல்ல வைப்பானேன் என்று விளக்கைப் போட்டுவிடுவேன். அதை ஒரு மரியாதையாகவே வைத்திருந்தேன். அந்த அம்மாவின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இப்படி இன்னும் எத்தனை பேரோ? இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது ஒன்றில் சுடர் சாய்ந்திருக்குமோ என்று தலையைக் குனிந்துகொள்கிறேன்.

கிளம்பும்போது அந்த அம்மா, "அண்ணே, நீங்க என்ன பண்றீக?" என்று கேட்டார்.

"வேன் ஓட்டுறேன் தாயி," என்றேன்.

காளவாசல் வந்து இறங்கியதும் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். கேமராவை வைக்கச் சொல்லி, என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் பேசினேன். அந்த ஊருக்கே டிவியும் டெக்கும் கொண்டுபோய் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவோம் என்றாள் அந்தப் பெண்.

கல்லூரியில் படம் போட்டபோது போனேன். திரையில் அந்த அம்மா வந்தார், பேசினார். நான் பேசியது வரவில்லை. கடைசியில் நன்றி என்று ஓடிய வரிசையில் பத்தோடு பதினொன்றாக என் பெயர்.

வெளியே வந்து கேட்டேன். "ஒங்க கடைக்குக் கெட்ட பேரு வந்துரும்னு எங்க காலேஜ் சார் அத வெட்டச் சொல்லிட்டாரு அய்யா," என்றாள். "அதுவும் போக, அவங்க சாமி சொன்னதா நெனச்சு மனசத் தேத்திக்கிட்டாங்க. அதப் போய்க் கலைக்கணுமா?"

"தேடுறத விட்டுட்டாகளேம்மா," என்றேன். டிவியும் டெக்கும் அந்த ஊருக்குப் போகவே இல்லை.

அப்புறம் இரண்டு முறை பேரையூர் பஸ் ஏறினேன். ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். எத்தனை ஊரில் எத்தனை கூட்டத்தைச் சமாளித்தவன் நான். கேமராவுக்கு முன்னால் அவ்வளவு பேசியவனுக்கு அந்த அம்மாவின் வாசல் வரை போகத் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கோ நல்ல வேலையில் இருப்பார்கள். கேசட்டும் அவர்களிடம்தான் இருக்கும். அவர்களுக்குச் சொல்கிறேன்: நன்றி வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தக் கை திரையில் வருகிற இடத்தில் போடுங்கள். இந்த விளக்கை வைத்தது ஆத்தா இல்லை, கேட்காமல் வைத்தவன் இவன் என்று என் பெயரை முழுசாகப் போடுங்கள். போட்டு அந்த அம்மாவுக்குக் காட்டுங்கள். அவருக்கு எழுத்துத் தெரியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள்.