தாடை தொங்கிய நாய்

தன் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்றுதான் மிராசுதார் சொன்னார்.

வலங்கைமான் பக்கம் கால்நடை மருந்தகத்தில் நான் உதவியாளன். மாட்டைப் பிடிப்பேன். நாய்க்கு உண்ணி எடுப்பேன், நகம் வெட்டுவேன். அப்போது மிராசுதார்களுக்கும் வயல் கூலியாட்களுக்கும் கூலித் தகராறு. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி, ரோட்டில் போலீஸ் வேன்.

நாயின் வாய் திறந்தபடி தொங்கியது. எச்சில் நூலாக விழுந்தது. குரைக்கவில்லை. டாக்டர் இன்னும் வரவில்லை.

"கைய விட்டு எடுப்பா. நாய் இல்லாம களத்துல நெல்லப் போட முடியுமா? அள்ளிட்டுப் போயிருவானுங்க."

விட்டேன். எலும்பு இல்லை. அது கடிக்கவும் இல்லை. சைக்கிளில் வந்து இறங்கிய டாக்டர் கத்தினார்.

"கைய எடுய்யா! எலும்பு இல்ல, தாடை விழுந்துபோச்சு. வெறிநோய்."

"கடிக்கலையே சார்?"

"கடிக்கவே வேணாம்யா. கீறல் இருந்தா எச்சிலே போதும்."

என் கையில் கீறல் இல்லாத நாள் கிடையாது. அடிபம்பில் சோப்புப் போட்டுக் கழுவினேன். டாக்டர் நிறுத்த விடவில்லை.

"வேற யாரு தொட்டா?" என்று மிராசுதாரைக் கேட்டார்.

"குளிப்பாட்டுறது, சோறு வைக்கிறது எல்லாம் சிங்காரம். போராட்டம்னு வேலைக்கு வராம நின்னுட்டான். நேத்து, நாய் பட்டினி கெடக்குன்னு கேட்டுட்டு கொல்லப்பக்கமா வந்து அவனும் வாயில கைய விட்டுப் பாத்தான். அந்தத் தெருவுக்கு நான் ஆள் அனுப்ப மாட்டேன்."

ஊசி தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்று. பஸ்ஸுக்குப் போகும் வழியில் சிங்காரம் தெருவுக்குள் நுழைந்தேன். முனையிலேயே தெரு ஆட்கள் கம்போடு நின்றார்கள்.

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. நாய்க்கு வெறி. சிங்காரம் ஊசி போட்டுக்கணும்."

"நாய்க்கா வெறி, மொதலாளிக்கா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

சிங்காரம் சிரிக்கவில்லை. அவன் பேரில் கேஸ் இருந்தது. "பஸ்ஸுல ஏத்தி ஸ்டேஷன்ல எறக்கிவிடத்தானண்ணே வந்தீங்க?"

கையைக் காட்டினேன். "நானும் வாயில கைய விட்டேன்ப்பா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவன் மனைவி அஞ்சலை சட்டையை எடுத்துவந்து அவன் மேல் போட்டாள்.

"போலீஸு புடிச்சா என்னிக்காவது விடுவான். இது புடிச்சா விடாது. கெளம்பு."

சிங்காரமும் நானும் பஸ் ஏறினோம். போலீஸ் வேன் தெரிந்ததும் குனிந்துகொண்டான். நான் நகர்ந்து ஜன்னலை மறைத்தேன்.

நாய் மறுநாள் செத்தது. ஊசியெல்லாம் முடிந்த பிறகும், காலையில் செம்பைத் தூக்கினால் தண்ணீர் தொண்டையில் இறங்குமா, நோய் வந்துவிட்டதோ என்று பயம். அவனுக்கும் அப்படித்தானாம். இருவரும் பிழைத்தோம்.

நாய் வளர்ப்பவர்கள் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். நாயின் தாடை தொங்கினால் வாய்க்குள் கையை விடாதீர்கள். எச்சில் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேறு யார் அந்த நாயைத் தொட்டார்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லையென்றாலும் போய்ச் சொல்லுங்கள்.