என் ஹாரன், அவன் லாரி

ஒரகடத்தில் இறங்கி என் யார்டு எங்கே என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரன்கூட வழி சொல்லுவான். ஆறுவழிச் சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். வரிசையாக டிரெய்லர்கள், எனக்கென்று சொந்தமாக எடைமேடை, டிரைவர்கள் படுக்க ஏ.சி. போட்ட ரூம். இந்தப் பக்கம் ஓடுகிற புதுக் கார்களில் பாதிக்குக் கண்ணாடி கொண்டுபோய் இறக்கியவை என் வண்டிகள்தான். மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். என் வண்டி தாமதமானால் கம்பெனிக்குள் லைன் நிற்கும், கோட்டுப் போட்டவர்கள் எனக்குப் போன் செய்து கெஞ்சுவார்கள். இதையெல்லாம் நானே எழுத வேண்டியிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் வாலாஜாபாத்காரனுடைய மூக்கு லாரியைப் பற்றிப் பேசவே நேரம் சரியாக இருக்கிறது.

மூக்கு லாரி என்பது பழைய சீமை லாரி. எஞ்சின் கேபினுக்குள் இருக்காது, முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் சண்டைக்காகக் கப்பலில் கொண்டுவந்தான். சண்டை முடிந்ததும் ஏலம் போட்டுவிட்டுப் போய்விட்டான். அப்படி ஏலத்தில் எடுத்தவற்றை வைத்து அந்தக் காலத்தில் பல பேர் லாரி சர்வீஸ் ஆரம்பித்தார்கள். காஞ்சிபுரத்து சர்வீஸ் வண்டிகளுக்கு மஞ்சள் பெயின்ட். வாலாஜாபாத்தில் ரயிலடிப் பக்கம் இருந்த எங்கள் சர்வீஸுக்குப் பச்சை. தூரத்தில் புழுதி தெரியும்போதே எந்த முதலாளியின் வண்டி என்று சொல்லிவிடுவோம். இன்று எல்லா வண்டியும் ஒரே வெள்ளை, என்னுடையவை உட்பட.

அந்தப் பச்சை வண்டிகளில் ஒன்றுதான் இப்போது அவனிடம் இருக்கிறது. அவனும் நானும் ஒரே முதலாளியிடம் டிரைவர்கள். அவன் பெரிதாக ஒன்றும் சம்பாதித்துவிடவில்லை. தண்ணீர் கேன் போட இரண்டு மினி லாரி, தகர ஷெட்டு, அந்த மூக்கு லாரி, அவ்வளவுதான். ஆனால் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ எடுக்க அவனிடம் போகிறார்கள். சினிமாக்காரர்கள் வருகிறார்கள். என் புது டிரெய்லரின் முன்னால் நின்று எந்த மாப்பிள்ளை போட்டோ எடுத்தான்? அதன் ஒரு டயரைத் தூக்க நாலு ஆள் வேண்டும், தெரியுமா?

போன ஆயுத பூஜைக்கு ஒரு கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். சந்தன மாலை, நல்ல கனம். மாலையோடு திரும்பிப் பார்த்தால் நாற்காலியெல்லாம் காலி. கேட் பக்கம் ஒரே கூட்டம். அலங்காரத்துக்கென்று அந்த மூக்கு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்த தெற்கத்திப் பையன்கள் அதன் மட்கார்டு மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, அந்த ஹாரன அமுக்குல! ரீல்ஸ்ல போடுவோம்!"

"அமுக்கத் தெரியலயே. பூனை கத்துன மாதிரில்லா கேக்கு!"

டிரைவர் சீட்டில் இருந்த வாலாஜாபாத்காரன் சிரித்துக்கொண்டே கையை வெளியே நீட்டி ரப்பர் பந்தை அமுக்கினான். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. பித்தளைக் குழல் கணீரென்று கத்தியது. பையன்கள் விசில் அடித்தார்கள். எச்.ஆர். பெண்பிள்ளை என் பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்த சவுண்ட் கேட்டாலே சூப்பரா இருக்குல்ல சார்?" என்றாள்.

"அது என் ஹாரன்மா" என்றேன்.

"ஜோக் அடிக்காதீங்க சார்" என்று சிரித்துவிட்டு அவளும் போட்டோ எடுக்கப் போய்விட்டாள்.

ஜோக் இல்லை. அது என் ஹாரன்தான். அந்த நாளில் லாரி முதலாளியுடையது, ஹாரன் டிரைவருடையது. மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி எடுத்துச் சொந்தக் கையால் மாட்டுவோம். ஒவ்வொருவனுக்கும் ஒரு அடி உண்டு. நீளம் ஒன்று, குட்டி இரண்டு என்னுடைய அடி. கொத்தவால்சாவடியில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வரும்போது எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி வளைவில் அதை அடித்தால் என் வீட்டுக்காரி உலை வைத்துவிடுவாள். அந்தக் குழலைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். அந்த வண்டியையும் என்னைப் போல ஓட்ட ஆள் கிடையாது. ரெண்டு தடவை கிளச் மிதித்தால்தான் கியர் விழும். மற்றவர்கள் மாற்றினால் கரும்பு பிழிகிற சத்தம் வரும். என் கையில் வெண்ணெய் மாதிரி இறங்கும்.

அப்படிப்பட்டவனை விட்டுவிட்டு, முதலாளி தன் மகள் கல்யாணத்துக்குச் சீர்வரிசை ஏற்றிப்போக அவனைக் கூப்பிட்டார். பித்தளைப் பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் என் வண்டியில் ஏற்றி, மூக்கில் வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்கில் அவனை உட்கார வைத்தார். "அவன் நிதானமா ஓட்டுவான்பா, கண்ணாடி சாமான்லாம் கீது" என்று என்னிடம் சொன்னார். ஊரே பார்க்க அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு என் ஹாரனை அடித்துக்கொண்டு போனான். நான் அப்படியே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்தது சரிதான். அந்த ரோஷத்தில்தான் கடன் வாங்கி டீசல் லாரி எடுத்தேன். அது இல்லாவிட்டால் இந்த யார்டு ஏது?

ஆனால் ஹாரன் வண்டியோடு போய்விட்டது.

அதற்கப்புறம் அவன் அந்த வண்டியில் எங்கள் ஊர் வழியாகத்தான் மெட்ராஸுக்குப் போவான், வருவான். ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வாசலுக்கு நேரே நீளம் ஒன்று, குட்டி இரண்டு. என் வீட்டுக்காரி அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

"இன்னாமே, எவன் ஹாரன் அடிச்சாலும் ஓடுவியா?"

"உன் ஹாரனாச்சே. நீதான் வந்துட்டன்னு போனேன்."

"நான் இங்கதானே குந்திகினு கீறேன்!"

"அட, ஆமா" என்றாள்.

அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே அவன் இன்னும் ஒருமுறை அடித்தான். என் ஹாரனை வைத்து என் வாசலில் என்னையே வம்புக்கு இழுக்கிறான் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்ச நாளில் முதலாளி சர்வீஸை மூடினார். பச்சை லாரிகள் எல்லாம் உடைக்கப் போயின. இந்த ஒன்று மட்டும் அவன் கைக்குப் போனது. இத்தனை வருடமும் அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு புது வண்டி எடுக்கும்போதும், அவன் ஷெட்டு வழியாக ஒரு நடை ஓட்டிக்கொண்டு போ என்று என் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறைகூட அவன் எழுந்து வெளியே வந்து பார்த்ததில்லையாம்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போனேன். என் ஹாரனை வாங்கிக்கொண்டு வருவது, அதோடு அந்த வண்டியின் சத்தத்தை நிறுத்துவது. அதற்கப்புறம் யார் விசில் அடிக்கிறார்கள் பார்க்கலாம்.

அவன் ஷெட்டில் பனியனோடு லாரியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் சம்சாரம் என் காரைப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணா, பெரிய கார்ல வந்துகீறீங்க. ஷெட்டுக்குள்ள நுழையாது, ரோட்லயே நிறுத்துங்க" என்றாள்.

"யோவ்," என்றேன் அவனிடம், "என் ஹாரன குடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாய்யா, நேத்து மாலை பத்தலியா?"

"ஹாரன் என்னுதா இல்லியா? அத சொல்லு மொதல்ல."

"உன்னுதுதான். எவன் இல்லேன்னான்?"

நான் சண்டைக்குத் தயாராக வந்தவன். அவன் இப்படி உடனே ஒத்துக்கொண்டதும் வழியெல்லாம் யோசித்து வைத்த வசனம் வீணாகிவிட்டது. அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மட்கார்டு மேல் சாய்ந்தான்.

"நான் ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு கோச்சிகினு போனியே, ஹாரன ஏன் கழட்டாம போன?"

"கோவத்துல போறவன் ஸ்பேனர் தேடிகினா இருப்பான்?"

"வேலைய வுட்டுப் போற டிரைவரு ஹாரன கழட்டிகினு போவான். கழட்டலேன்னா இன்னா அர்த்தம்? உனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. ஹாரனை விட்டுவிட்டுப் போனால் லீவு, திரும்பி வருவான் என்று அர்த்தம். அந்த சீட்டில் வேறு ஆளை நிரந்தரமாக உட்கார வைக்கமாட்டார்கள். அன்றைக்கு ரோஷத்தில் நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"மொதலாளி உனக்காக சீட்ட வெச்சிகினே இருந்தாருய்யா" என்றான். "நான் பதிலி டிரைவரு. சர்வீஸ மூடும் வரைக்கும் பதிலி டிரைவரு! ஆயுத பூஜைக்குக்கூட ஸ்டியரிங்குக்கு என் பேர்ல ஒரு பூ போட வுடல அந்த ஆளு. மூடப்போறோம்னு ஆனதும் என்ன கூப்ட்டு, 'போய் அவன இட்டுகினு வா, வண்டிய அவனே எடுத்துக்கட்டும், அவன்தான் அத நல்லா ஓட்டுவான்'னாரு. நானும் வந்தேன். உன் வூட்டு வாசல்ல நின்னு உன் அடியவே அடிச்சேன். நீ இன்னா பண்ண? பொண்டாட்டிய இழுத்துகினு கதவ சாத்துன."

ஒரு டயர் கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்தேன்.

"கதவ தட்டிருக்கலாமேய்யா."

"ஏன் தட்டணும்?"

"இத்தினி வருசமா சொல்லவாவது சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா வண்டி உனக்குப் போயிருக்குமே! நான் இன்னா பைத்தியமா? ரெண்டு தபா ஹாரன் அடிச்சேன், நீ வரல. நேரா மொதலாளிகிட்ட போய், 'கூப்ட்டேன், வரலீங்க'ன்னேன். பொய் ஒண்ணும் சொல்லல." அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீ கியர் போட்டா சத்தமே வராதாம். நான் போட்டா கரும்பு மிஷினாம். ஷெட்டுல எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லுவான். எனக்கும் வயிறுன்னு ஒண்ணு கீதில்ல? அது எரியாதா?"

அவன் சம்சாரம் டீ டம்ளரோடு வந்து நின்றாள். "இப்பவும் ராத்திரில கியர் மாத்துற கனவு வந்து காலால என்னிய ஒதைக்குதுண்ணா இது" என்றாள். அவன் அவளை முறைத்தான்.

டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். ஆனால் அவ்வளவு ருசியான டீ அந்த ஊரில் நான் குடித்ததில்லை. என்னைப் பார்த்து ஒருவன் இத்தனை காலம் வயிறெரிந்திருக்கிறான், அதுவும் அவன்! இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ நாள் நன்றாகத் தூங்கியிருப்பேன். அடுத்த மடக்கிலேயே டீ கசந்தது. அந்த வண்டி என்னுடையது. முதலாளி வாய்விட்டு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். சினிமாக்காரர்களும் கல்யாணக்காரர்களும் என் யார்டுக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பையன்கள் என் மட்கார்டில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வண்டிய குடுத்துடு" என்றேன்.

"ஹாரன்தான் உன்னுது. இத்தினி வருசம் இத ஓட வெச்சது நான். உன்கிட்ட வந்திருந்தா ரெண்டாவது வருசமே இரும்பு விலைக்குப் போட்டுட்டு டீசல் வண்டி எடுத்திருப்ப."

அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டோம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் அவன் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து என் கையில் திணித்தான்.

"இந்தா, கழட்டிக்க. நாளைக்கே வேற வாங்கி மாட்டிக்கிறேன்."

கேபின் படியில் ஏறினேன். கதவோரம் என் ஹாரன், இரண்டு நட்டில் இறுக்கியது இறுக்கியபடி இருந்தது. குழல் பளபளவென்று இருந்தது. என்னைப் போலவே அவனும் புளி போட்டுத்தான் தேய்த்திருக்கிறான். பந்து மட்டும் புது ரப்பர். ஸ்பேனரை வைத்து முதல் நட்டைத் திருகினேன். இளகியது. கீழே அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இது போய்விட்டால் தொல்லை முடிந்தது என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைப் பார்த்ததும் என் கை நின்றது.

நட்டைத் திரும்ப இறுக்கினேன். நன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். பந்தை அமுக்கினேன். நீளம் ஒன்று, குட்டி இரண்டு. பிறகு இறங்கி ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தேன்.

"இருக்கட்டும்" என்றேன்.

"இன்னா இருக்கட்டும்? கழட்டிகினு போய்யா!"

"நான் கழட்டல."

அவன் சம்சாரம் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ திரும்பி வருவீங்கன்னு அர்த்தமாண்ணா?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

மறுநாளே அவன் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டான் என்று என் டிரைவர் வந்து சொன்னான். பெரிய பூட்டாம். போடட்டும்.