பாலம்மாவின் பால்குடம்

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லய வீட்டு வரிசையில் இருப்பவள் பாலம்மா. கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்தவள். மாரியம்மன் திருவிழாவில் ஓடையிலிருந்து மலைக்கோயில்வரை பால்குடம் சுமப்பதுதான் அவளுக்கு ஆண்டு முழுவதற்குமான ஆசை.

போன ஆண்டு விரத நாட்களில் ஒரு மதியம் அவள், நாங்கள் குடம் பிடிக்கும் மலைநீர் விழும் பீலிக்கரையில் குந்தியிருந்தாள். நல்ல வெயில். பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் வழிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இவ்வளவு பனி? மலையெல்லாம் மெதக்குது" என்றாள்.

எங்கும் பனி இல்லை.

"காலு தரையில படல. ஆத்தா வர்றா போல." கனவில் சிரிப்பவள்போலச் சிரித்தாள்.

தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்த பழக்கத்தில் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"வெளிய போறது என்ன நெறம்?"

"தண்ணி எடுக்குற எடத்துல கேக்குற கேள்வியா இது?"

"சொல்லு."

"தார் மாதிரி."

"மாத்திர ஏதும் போடுறியா?"

"முழங்காலுக்குக் கண்டியில வாங்குனது. ரெண்டு வேளையும் வெறும் தண்ணியில. மாத்திர சாப்பாட்டுல சேராதே, வெரதம் முறியாதுல்ல?"

"ஆத்தா வரல பாலம்மா. வயித்துக்குள்ள ரத்தம் போகுது."

ஆட்டோவில் கண்டிவரை என் தோளில் சாய்ந்தபடி, "பால்குடம்? பால்குடம்?" என்றே முனகினாள்.

வயிறு புண்ணாகியிருந்தது. இரத்தம் ஏற்றினார்கள். அந்த வலி மாத்திரையை இனித் தொடக்கூடாது என்றார் டாக்டர். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் அது வயிற்றை அரிக்கும்; வயதானவர்கள் கேட்காமல் போடவே கூடாது, போட்டே ஆகவேண்டுமென்றால் வயிற்றைக் காக்கும் மாத்திரையும் கூடவே வேண்டும். திருவிழா அன்று அவள் வார்டில் கிடந்தாள். தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் அவளுக்கு உடுக்கையாகக் கேட்டதாம்.

இந்த ஆண்டு கஞ்சி குடித்துவிட்டு ஓடைக்கு வந்தாள். முழங்காலுக்குத் தைலம் மட்டும்.

பூசாரி கறுப்பையா முகம் சுளித்தார். "சாப்பிட்டுட்டா கொடம் தூக்குவ?"

"ஆத்தா கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க தூக்கி வைங்க சாமி."

அன்று உண்மையாகவே பனி. மரங்கள் தெரியவில்லை, மேளம் மட்டும் எங்கோ மேலே மிதந்தது. அவளுடைய மஞ்சள் சேலையைப் பார்த்தே பின்னால் ஏறினேன். பாதி மலையில் அவள் குரல் வந்தது.

"அக்கா, கல்லு குத்துது! ஒவ்வொரு கல்லும் குத்துது!"

"குத்தட்டும், நட" என்றேன்.